பிஸ்சேஃப் லெவல் 3 எடுக்கணும், ஏழு பேர் இருக்க ஏர்கான் கம்பெனி. ரெடிமேட் ஃபைல் வாங்கலாமா?

ஏர்கான்_சப்கான்:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல சின்னதா ஏர்கான் சர்வீஸ், இன்ஸ்டலேஷன் கம்பெனி வச்சிருக்கேன், என்னையும் சேத்து ஏழு பேர். இவ்ளோ நாளா வீடு, கடைன்னு ஓடிட்டு இருந்துச்சு, இப்பதான் மொத தடவையா ஒரு மெயின் கான்ட்ராக்டர் கிட்ட சப்கானா, அதான் துணை ஒப்பந்தக்காரரா, போறேன், ஒரு பழைய ஃபேக்டரி பில்டிங்ல 60 காண்டன்சர், அதான் ஏர்கானோட வெளி யூனிட், மாத்துற வேலை. ரேட் எல்லாம் பேசி முடிச்சாச்சு, கடைசில அவங்க சேஃப்டி ஆபிசர் பிஸ்சேஃப் லெவல் 3, அதான் கம்பெனி வேலைய பாதுகாப்பா செய்யுதுன்னு காட்டுற சர்டிஃபிகேட், இல்லாம ஆள உள்ள விட முடியாதுன்னுட்டாரு. ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்காங்க.

தெரிஞ்சவர் ஒருத்தர் மூலமா ஒரு ஆள் பேசினாரு. காசு குடுத்தா ஆடிட்டுக்கு வேண்டிய மொத்த ஃபைலும் அவரே தருவாராம், கம்பெனி பேரும் லோகோவும் மட்டும் மாத்தினா போதுமாம், ஆடிட்டுக்கு மொத நாள் வந்து பசங்களுக்கு என்ன பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துட்டு போயிடுவாராம். எனக்கு மனசுக்கு ஒப்பல, ஆனா நானா பண்ணா ரெண்டு மாசத்துல முடியுமான்னு பயமாவும் இருக்கு. எடுத்தவங்க யாராவது சொல்லுங்க.

ஜூரோங்_தஞ்சாவூரான்:
ரெண்டு மாசம் தாராளமா போதும் தம்பி, ஆனா இன்னிக்கே ஆரம்பிக்கணும். நேரா லெவல் 3க்கு போக முடியாது. மொதல்ல லெவல் 1, அது நீங்க, அதாவது முதலாளி நேர்ல போய் உக்காரணும், சூப்பர்வைசர அனுப்பினா செல்லாது. இப்ப அதுக்கு டாப் எக்ஸிக்யூட்டிவ் ப்ரோக்ராம்னு பேரு. கன்ஸ்ட்ரக்‌ஷன் மாதிரி ஆபத்து அதிகமான தொழில்ல இருக்கவங்களுக்கு 2024 மார்ச் 31க்குள்ள முடிக்க சொல்லி எம்ஓஎம், அதான் மனிதவள அமைச்சு, கெடு வச்சிருந்துச்சு, அப்பவே போயிருந்தா அந்த சர்டிஃபிகேட்ட தேடி எடுங்க. அப்புறம் லெவல் 2, கம்பெனில ஒருத்தர் ரிஸ்க் மேனேஜ்மென்ட் கோர்ஸ் போகணும், அவரத்தான் ஆர்எம் சாம்பியன்னு சொல்வாங்க. அவர் வந்து கம்பெனி வேலை ஒவ்வொண்ணுக்கும் ஆர்ஏ, அதான் ரிஸ்க் அசெஸ்மென்ட், போட்டு அத வேலைல கொண்டு வரணும். அப்புறம் எம்ஓஎம் அங்கீகாரம் குடுத்த ஆடிட்டிங் கம்பெனி ஒண்ணு வந்து பாக்கும். பாஸ் ஆனா அந்த ரிப்போர்ட்ட வச்சு ஆன்லைன்ல அப்ளை பண்ணா லெவல் 3. மூணு வருசம் செல்லும், அப்புறம் திரும்ப ஆடிட்.

லெவல் 4, அதுக்கும் மேல இருக்க ஸ்டார், ரெண்டும் இப்ப உங்களுக்கு வேணாம். ஸ்டாருக்கு ஐஎஸ்ஓ 45001 இல்லன்னா எஸ்எஸ் 651 பாதுகாப்பு தரச்சான்று எடுத்திருக்கணும், அது பெரிய வேலை.

லெவல் 2க்கு யார அனுப்புறதுன்னு யோசிச்சு அனுப்புங்க. நான் மொத தடவை ஆபீஸ்ல டைப் பண்ற பையன அனுப்பி தப்பு பண்ணேன், அவனுக்கு சைட் தெரியாது. அப்புறம் எங்க மூத்த டெக்னீஷியன அனுப்பினேன், அன்னிலேருந்து தான் உருப்படியா ஒரு பேப்பர் வந்துச்சு.

20வருச_கான்ட்ராக்டர்:
உள்ளத சொல்றேன், கோச்சுக்காதீங்க. நான் 20 வருசமா எலக்ட்ரிகல் சப்கான், ஒரு ஆளுக்கு ஒரு கீறல் பெருசா விழுந்ததில்ல. இந்த லெவல் 3 என்கிட்டயும் இருக்கு, மூணு தடவை ரினியூ பண்ணிட்டேன், அதுனால என் வேலை ஒரு இஞ்ச் மாறல. மெயின் கான் ரேட்ட வருசா வருசம் குறைப்பான், ஆனா சேஃப்டி மட்டும் நாம நம்ம காசுல செய்யணும். ஹார்னெஸ் (உயரத்துல மாட்டுற பெல்ட்) என் காசு, கோர்ஸ் என் காசு, பசங்க கோர்ஸ்ல உக்காந்திருக்க நாள் சம்பளமும் என் காசு. சின்ன கம்பெனி எங்கேருந்து தாங்கும்? ஃபைல் வாங்கி பாஸ் பண்ணிட்டு வேலைய ஒழுங்கா பாருங்க, அவ்ளோதான்.

சேஃப்டி_கோஆர்டினேட்டர்:
அண்ணே ரேட் பத்தி சொன்னது முழுக்க நியாயம், அதுக்கு அப்புறம் வரேன். ஆனா ஃபைல் வாங்க சொல்றது தப்பு, ஏன்னு சொல்றேன்.

நான் மெயின் கான் பக்கம் இருக்கேன், மாசத்துக்கு பத்து சப்கான் ஃபைலாவது படிக்கிறேன். ரெடிமேட் ஃபைல் எடுத்த உடனே தெரியும். போன மாசம் ஒரு ஏர்கான் டீம் ஆர்ஏ குடுத்தாங்க, அதுல ஃபோர்க்லிஃப்ட் ஆபரேஷன் ரெண்டு பக்கம் இருக்கு, வெல்டிங் இருக்கு, அவங்ககிட்ட ஃபோர்க்லிஃப்டே கெடையாது. ஆனா அவங்க தெனமும் பண்ற நைட்ரஜன் ப்ரெஷர் டெஸ்ட் ஒரு வரி கூட இல்ல. கேஸ் லைன்ல லீக் இருக்கான்னு பாக்க நைட்ரஜன் தான் ஏத்தணும், சிலிண்டர் தீந்துபோச்சுன்னு ப்ரேஸிங்க்கு, அதான் செம்பு பைப்ப சூடாக்கி ஒட்டுறதுக்கு, வச்சிருக்க ஆக்சிஜன ஏத்தினா உள்ள இருக்க ஆயிலோட சேந்து வெடிக்கும். இத ஒரு ஏர்கான் ஆர்ஏல எழுதலன்னா வேற என்னத்த எழுதுறது?

உங்க வேலைக்கு என்னென்ன வரணும்னு எனக்கு தோணுறது: காண்டன்சர் வெளிய தொங்குற எடம், அதான் உயரம். கரண்ட், ஐசலேட்டர, அதான் மெயின் ஸ்விட்ச்ச, ஆஃப் பண்ணி பூட்டு போட்டு டேக் மாட்டாம கைய வைக்க கூடாது, ஏன்னா கீழ ஒருத்தர் வந்து நல்ல மனசோட ஸ்விட்ச்ச போட்டு விட்டுருவாரு. ஃபால்ஸ் சீலிங் உள்ள ப்ரேஸிங், அதுக்கு ஹாட் ஒர்க் பெர்மிட், பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்விஷர். இப்ப வர்ற ஆர்32 கேஸ் லேசா தீப்புடிக்கிற வகை, பழைய கேஸ் மாதிரி நெனைச்சு மூடுன ரூம்ல திறந்து விட கூடாது. காயில் கழுவுற கெமிக்கல். காண்டன்சர தூக்குறது, அது முதுகுக்கும் ஆபத்து, கீழ நடக்குறவங்களுக்கும் ஆபத்து.

ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நம்பர் போடணும். நடந்தா எவ்ளோ மோசம், நடக்குறதுக்கு எவ்ளோ வாய்ப்பு, ரெண்டும் 1லேருந்து 5 வரை, பெருக்கினா வர்றது ரிஸ்க். 15ஓ அதுக்கு மேலயோ வந்தா அது ஹை, அத கொறைக்காம வேலையே ஆரம்பிக்க கூடாது. மூணாவது மாடிக்கு வெளிய நிக்கிறது 5க்கு 3ன்னு வச்சாலே 15. இங்க தான் எல்லாரும் "ஹார்னெஸ் போடுவோம்"னு ஒரு வரி எழுதி 5ன்னு கொறைச்சிருவாங்க. ஹார்னெஸ் கடைசி வழி. அங்க ஆள் போகாமலே முடிக்க முடியுமா, வேற முறை இருக்கா, தடுப்பு, பிளாட்ஃபார்ம் போடலாமா, அப்புறம் பெர்மிட், ட்ரெய்னிங், எல்லாம் பாத்துட்டு தான் ஹார்னெஸ்க்கு வரணும். நல்ல ஆடிட்டர் சரியா அந்த வரில வெரல வச்சு கேப்பாரு.

ரேட்டுக்கு என் பதில்: கொட்டேஷன்ல சேஃப்டிய தனி வரியா போடுங்க. ஆள தூக்குற பூம் லிஃப்ட் வாடகை இவ்ளோ, கொக்கி மாட்டுற ஆங்கர் இவ்ளோன்னு. யூனிட் ரேட்டுக்குள்ள ஒளிச்சு வச்சா பேரம் பேசும்போது மொதல்ல போறது அதுதான். தனி வரிய அடிக்கணும்னா மெயின் கான் பேனா எடுத்து அடிக்கணும், அப்படி அடிக்க பல பேர் தயங்குவாங்க.

டோர்ம்_பையன்:
அண்ணே நான் தொழிலாளி, முதலாளிங்க பேசுற எடத்துல எழுதலாமான்னு தெரியல, ஆனா எழுதுறேன்.

நாங்க காலைல 7:30க்கு லாரி விட்டு எறங்குவோம். டூல்பாக்ஸ் மீட்டிங்ல, அதான் வேலைக்கு முன்னாடி நடக்குற பாதுகாப்பு பேச்சுல, ஒரு பேப்பர் கைமாறி வரும், பூரா இங்கிலீஷ், கையெழுத்து போட்டு பக்கத்து ஆள்கிட்ட குடுக்கணும், பின்னாடி 20 பேர் நிப்பாங்க, படிக்க ஏது நேரம். அதுதான் ஆர்ஏன்னு எனக்கு மூணு வருசம் கழிச்சு தான் தெரியும். சிஎஸ்ஓசி, அதான் கட்டட வேலைக்கு வர்றவங்களுக்கான சேஃப்டி கோர்ஸ், தமிழ்ல நடத்தினாங்க, அந்த வாத்தியார் சொன்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. சைட்ல வந்தா மறுபடி இங்கிலீஷ் பேப்பர்.

எங்க ஊர்க்காரர் ஒருத்தர், என்னைவிட ரெண்டு வருசம் மூத்தவர், ஒரு கிடங்கு கூரை மேல ஏறினாரு. தகரத்துக்கு நடுவுல நடுவுல வெளிச்சத்துக்கு ப்ளாஸ்டிக் ஷீட் போட்டிருப்பாங்கல்ல, வருசக்கணக்கா அழுக்கு படிஞ்சு தகரமும் அதுவும் ஒரே நிறமா இருந்துச்சு. கால வச்சாரு, அவ்ளோதான், உள்ள போயிட்டாரு. உயிர் இருக்கு, இடுப்பெலும்பு ஒடைஞ்சு போச்சு. அவர் கையெழுத்து போட்ட பேப்பர்ல அத பத்தி எழுதியே இருந்துச்சு, "ஃப்ரஜைல் ரூஃப்"னு. அவருக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. "உடையும் கூரை, மிதிக்காதே"ன்னு ரெண்டு வார்த்தை தமிழ்ல யாராவது சொல்லியிருந்தா அவர் இன்னிக்கு நடந்துட்டு இருப்பாரு.

ஆஸ்பத்திரில இருக்கும்போது ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்ல சொன்னாங்க. அவர் சொல்லல. அதுக்கு அவருக்கு தைரியம் வந்ததுக்கு காரணம் கூட படுத்திருந்த ஒரு அண்ணன், சட்டம் தெரிஞ்சவர்.

20வருச_கான்ட்ராக்டர்:
தம்பி நீ எழுதினதுக்கு நன்றி. படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

சேஃப்டி_கோஆர்டினேட்டர்:
தாராளமா எழுதலாம் தம்பி, இந்த இழைல நீங்க எழுதினது தான் முக்கியமான விஷயம்.

எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். 2020 செப்டம்பர்லேருந்து வேலைல அடிபட்டு டாக்டர் ஒரு நாள் எம்சி (மருத்துவ லீவு) இல்லன்னா லைட் டியூட்டி குடுத்தா கூட முதலாளி எம்ஓஎம்க்கு ரிப்போர்ட் பண்ணணும். உடல் உழைப்பு வேலை பாக்குறவங்களுக்கு சம்பளம் எவ்ளோவா இருந்தாலும் விகா, அதான் வேலை விபத்து நஷ்டஈட்டு இன்ஷூரன்ஸ், கட்டாயம். நஷ்டஈடு கேக்க விபத்து நடந்த நாள்லேருந்து ஒரு வருசம் டைம் இருக்கு. மறைக்க சொன்னா கேக்காதீங்க, மறைச்சா கஷ்டப்படுறது நீங்க தான்.

2004ல_இங்க_இருந்தவன்:
இந்த பேப்பர் எல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்ப வர்ற பசங்களுக்கு தெரியாது, அதான் எழுதுறேன்.

2004ல நான் இங்க வந்து ஆறு வருசம். ஏப்ரல் 20 நிக்கோல் ஹைவே. எம்ஆர்டி ரயில் சர்க்கிள் லைனுக்கு தோண்டின பள்ளம், கிட்டத்தட்ட 30 மீட்டர் ஆழம், தாங்கி நின்ன இரும்பு சட்டமெல்லாம் மடங்கி ரோடோட உள்ள போச்சு. நாலு பேர் போனாங்க. தன் கீழ வேலை பாத்த ஆளுங்கள மேல ஏறுங்கடான்னு வெரட்டி அனுப்பின ஃபோர்மேன் ஒருத்தர், அவர் உடல் கடைசி வரைக்கும் கெடைக்கல. அதே மாசம் 29ந்தேதி ஃபியூஷனோபோலிஸ் கட்டுற எடத்துல இரும்புக் கம்பிக் கூண்டு சரிஞ்சு ரெண்டு பேர். அடுத்த மாசம் 29ந்தேதி ஷிப்யார்ட்ல கப்பலுக்குள்ள தீ, ஏழு பேர். ஆறு வாரத்துல பதிமூணு பேர். அந்த நாள்ல ராத்திரி ஊருக்கு போன் பண்ண க்யூல நிப்போம், எல்லாரும் சொல்ற மொத வார்த்தை "நான் நல்லாருக்கேன்"ங்கிறது தான்.

அதுக்கப்புறம் தான் பழைய ஃபேக்டரி சட்டத்த எடுத்துட்டு 2006 மார்ச்ல இப்ப இருக்க சட்டம் வந்துச்சு, ஆபத்த உண்டாக்குறவன் எவனோ அவன் பொறுப்புன்னு. அதே வருசம் ஆர்ஏ கட்டாயம் ஆச்சு. பிஸ்சேஃப் அடுத்த வருசம், நம்மள மாதிரி சின்ன கம்பெனிங்க படிப்படியா கத்துக்கட்டும்னு கொண்டு வந்தாங்க. 2004ல ஒரு லட்சம் தொழிலாளிக்கு 4.9 பேர் வேலைல செத்தாங்க, 2024ல அது 1.2. அந்த 1.2ன்னா கூட 43 பேர். பேப்பரால ஒண்ணும் மாறலன்னு சொல்ற தம்பிக்கு நான் சொல்றது, ஒழுங்கா எழுதின பேப்பரால நெறைய மாறியிருக்கு, நான் கண்ணால பாத்தவன்.

ஆபீஸ்_அக்கா:
நான் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனில அட்மின், ரெண்டு தடவை லெவல் 3 ஆடிட்டுக்கு உக்காந்திருக்கேன். தம்பிக்கு உதவும்னு சொல்றேன்.

ஆடிட்டர் காலைல வந்து மொதல்ல ஃபைல் கேட்டாரு, முதலாளி கையெழுத்து போட்ட சேஃப்டி பாலிசி, ஆர்எம் டீம்ல யார் யார், வேலை லிஸ்ட், ஆர்ஏ, கோர்ஸ் சர்டிஃபிகேட், யாருக்கு என்னிக்கு ஹெல்மெட் ஷூ ஹார்னெஸ் குடுத்தீங்கங்கிற ரிஜிஸ்டர், டூல்பாக்ஸ் மீட்டிங் கையெழுத்து. அதெல்லாம் ஒரு மணி நேரம். அப்புறம் சைட்டுக்கு கெளம்பிட்டாரு. அங்க அவரா ஒரு ஆள கைகாட்டி தனியா கூப்ட்டு, நீ இப்ப என்ன வேலை பாக்குற, இதுல உனக்கு என்ன ஆபத்து, அதுக்கு என்ன செய்வன்னு கேட்டாரு. எங்க ஆள் பட்டுக்கோட்டைக்காரர், தமிழ்லயே சொல்லட்டுமான்னு கேட்டு அழகா சொன்னாரு, சூப்பர்வைசர் மொழிபெயர்த்தாரு, ஆடிட்டர் எழுதிக்கிட்டாரு. மொத நாள் மனப்பாடம் பண்ண வச்ச ஆள அப்படி கேட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இன்னொண்ணு, ஆர்ஏ மூணு வருசத்துக்கு ஒரு தடவையாவது திருப்பி பாக்கணும், விபத்து நடந்தாலோ வேலை முறை மாறினாலோ உடனே பாக்கணும். பாத்த தேதிய எழுதி வைங்க. எங்களுக்கு மொத தடவை அதுல தான் குறை வந்துச்சு. அப்புறம் சின்ன கம்பெனிங்களுக்குன்னு ஸ்டார்ட்சேஃப்னு ஒரு திட்டம் இருக்கு, ஆள் நேர்ல வந்து பாத்து சொல்வாங்க, காசு கெடையாது. அத மொதல்ல கேளுங்க.

ஏர்கான்_சப்கான்:
எல்லாருக்கும் நன்றி. அந்த ஃபைல் ஆள வேணாம்னு சொல்லிட்டேன். நான் லெவல் 1 போயிட்டு வந்துட்டேன், லெவல் 2க்கு எங்க மூத்த டெக்னீஷியன், புதுக்கோட்டைக்காரர், 14 வருசம் இதே வேலை, அவர அனுப்பினேன்.

ஞாயித்துக்கெழமை எல்லாரையும் ஆபீஸ்க்கு வர சொல்லி, பிரியாணி வாங்கி வச்சு, வெள்ளை போர்டுல ஒவ்வொரு வேலையா எழுதினோம். ஆர்32, கரண்ட் எல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது, எல்லாருக்கும் தெரிஞ்சது தான். காண்டன்சர தாங்குற வெளி ப்ராக்கெட் வந்துச்சு. ஹார்னெஸ் போடுவோம்னாங்க. சரி, கொக்கிய எதுல மாட்டுவீங்கன்னு கேட்டேன். சும்மா எழுதுறதுக்கு தான் கேட்டேன். எங்ககிட்ட அஞ்சு வருசமா இருக்க தம்பி ஒருத்தன் சாதாரணமா சொல்றான், "அந்த ப்ராக்கெட்ல தாண்ணே."

எந்த ப்ராக்கெட்டுடான்னேன்.

"இப்ப மாட்டுறோம்ல, அந்த புது ப்ராக்கெட்ல. வேற எதுல மாட்டுறது, அங்க வேற ஒண்ணும் இல்லையே."

அவனே அப்ப துளை போட்டு, அவனே போல்ட் முடுக்கின ப்ராக்கெட். போல்ட் பிடிக்கலன்னா அவனும் அதுவும் சேந்து தான் கீழ போகணும். அஞ்சு வருசமா அப்படித்தான் பண்ணியிருக்கான், மத்தவங்களும் தலையாட்டுறாங்க, ஆமாண்ணே சில சமயம் தண்ணி பைப்லயும் மாட்டுவோம்னு. நான் கீழ நின்னு ஹார்னெஸ் போட்டிருக்கானான்னு மட்டும் பாத்துட்டு சந்தோஷமா போயிருக்கேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அவன் பொண்ணுக்கு போன மாசம் தான் காது குத்தினாங்க, போட்டோ அனுப்பியிருந்தான்.

20வருச_கான்ட்ராக்டர்:
தம்பி, இத படிச்சதும் என் பசங்க கிட்ட போன் போட்டு அதே கேள்விய கேட்டேன். கொக்கிய எங்க மாட்டுறீங்கன்னு. ஒருத்தன் வயர் போற கேபிள் ட்ரேலங்கிறான். கேபிள் ட்ரே ஒரு ஆள் கனம் தாங்காதுன்னு எனக்கு தெரியும், அவனுக்கும் தெரியும். 20 வருசம் ஒண்ணும் ஆகலன்னு எழுதினேன்ல, அது தெய்வாதீனம். ரேட் விஷயத்துல என் கருத்து மாறல, மெயின் கான் காசு குடுக்கணும், ஆனா ஃபைல் வாங்குங்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்.

சேஃப்டி_கோஆர்டினேட்டர்:
இதுக்கு தான் ஆர்ஏ. இந்த ஒரு கேள்விய எந்த ரெடிமேட் ஃபைலும் கேக்காது.

இனி ஆங்கர் விஷயம்: கட்டிட ஸ்ட்ரக்சர்ல, அதுக்குன்னே போட்ட ஆங்கர்ல தான் மாட்டணும், அத தகுதியான ஆள் பாத்து சொல்லணும். சைட்ல 3 மீட்டருக்கு மேல விழுற வாய்ப்பு இருந்தா பெர்மிட் வேணும், வொர்க் அட் ஹைட் அசெஸ்ஸர் எடத்த நேர்ல பாத்துட்டு தான் கையெழுத்து போடணும். அவர கூப்ட்டு இந்த ப்ராக்கெட் கதைய அப்படியே சொல்லுங்க. விழுந்து ஹார்னெஸ்ல தொங்குறவன எப்படி சீக்கிரம் எறக்குறதுன்னும் எழுதுங்க, பல பேர் அத மறந்துடுறாங்க. மொதல்ல, வெளிய போகாமலே எத்தன யூனிட் மாத்தலாம்னு எண்ணுங்க.

ஏர்கான்_சப்கான்:
எண்ணினோம். புதுக்கோட்டை அண்ணனும் நானும் பில்டிங்க சுத்தி ரெண்டு தடவை நடந்தோம். 60ல 38 யூனிட் லோடிங் பே பக்கம், கீழ நல்ல தரை, பூம் லிஃப்ட் நிக்கும். 15 யூனிட்ட ஜன்னல் வழியா உள்ளேருந்தே கழட்டி உள்ள இழுத்துடலாம். மீதி 7 தான் ஆள் வெளிய போயே ஆகணும், அதுக்கு மேல் தளத்து தூண்ல ஆங்கர் போட்டு தர மெயின் கான் ஒத்துக்கிட்டாங்க. பூம் லிஃப்ட் வாடகைய தனி வரியா அனுப்பினேன், பாதி அவங்க, பாதி நான்.

ஆடிட் போன வியாழன் முடிஞ்சுது. ரெண்டு குறை சொன்னாரு. லாரில நைட்ரஜன் சிலிண்டர் சங்கிலி போடாம நின்னுச்சு, ஒரு ஆர்ஏல அடுத்து பாக்குற தேதி இல்ல. ரெண்டையும் சரி பண்ணி போட்டோ அனுப்பிட்டேன். தம்பிய தனியா கூப்ட்டு கேட்டாரு, அவன் ப்ராக்கெட் கதையையே சொல்லிட்டான், முன்னாடி இப்படி மாட்டுவேன் இனிமே மாட்ட மாட்டேன்னு. எனக்கு திக்குன்னு இருந்துச்சு, ஆடிட்டர் அவன் தோள்ல தட்டிட்டு போனாரு.

டோர்ம்_பையன்:
அண்ணே, போர்டுல எழுதினத தமிழ்ல வச்சிருக்கீங்களா? இருந்தா இங்க போடுங்க, எங்க ரூம்ல ஏர்கான் வேலைக்கு போறவங்க நாலு பேர் இருக்காங்க.

ஏர்கான்_சப்கான்:
இருக்கு தம்பி, பசங்க சொன்னபடியே எழுதி லாரி கதவுல ஒட்டியிருக்கோம்:

கொக்கிய ப்ராக்கெட்ல, பைப்ல மாட்டாதே. ஆங்கர்ல மட்டும். ஆங்கர் இல்லன்னா வேலை இல்ல, எனக்கு போன் பண்ணு.
ஐசலேட்டர்ல உன் பூட்டு. சாவி உன் பாக்கெட்ல.
லீக் டெஸ்ட் நைட்ரஜன் மட்டும். ஆக்சிஜன் ஏத்தாதே.
ப்ரேஸிங் முன்னாடி பெர்மிட், பக்கத்துல எக்ஸ்டிங்விஷர்.
காண்டன்சர் தூக்கும்போது கீழ ஆள் வராம கயிறு கட்டி ஒருத்தன் நில்லு.
சிலிண்டருக்கு சங்கிலி.

டோர்ம்_பையன்:
நன்றிண்ணே, ப்ரிண்ட் எடுக்குறேன். ஏணி பத்தி ஒண்ணும் இல்லையே? உள்ள ஃபில்டர் கழட்ட தெனமும் ஏணில தான ஏறுவீங்க.

ஏர்கான்_சப்கான்:
ஆமா தம்பி, விட்டுப்போச்சு. தெனமும் ஏறுறதால யாரும் சொல்லல. நாளைக்கு காலைல பசங்கள கேட்டு சேக்குறேன்.